ஒரே பெயர், நான்கு சுருதி: ரியூபாவின் கதை

மேலைத்தேய இசைக்கருவிகள் விற்கும் கடையொன்றில் நுழைந்து ரியூபா வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் உடனே எடுத்துத் தந்துவிடமாட்டார். எந்தச் சுருதி என்றே முதலில் வினவுவார். எஃப், ஈ பிளாட், சீ, பீ பிளாட் என நான்கு சுருதிகளில் அக்கருவி செய்யப்படுகின்றது. வயலின் வாங்கப் போகிறவருக்கு இந்தச் சங்கடம் இல்லை. நாகஸ்வரத்தில் திமிரி, பாரி என இரண்டிருப்பதை அறிந்த நமக்கு இது முற்றிலும் புதிதன்று. ஆயினும், நான்கு உருவங்கள் ஒரே பெயரைச் சுமந்து ஒரே கடையில் வரிசையாக நிற்பது ஏன்? (தமிழகத்து நண்பர்கள் 'டியூபா' என்பர். எம்மவர் வழக்கப்படி நான் ரியூபா என்றே எழுதுகின்றேன்.)

விடையைத் தேடி நாம் பெர்லின் நகருக்குப் போகவேண்டும். அதற்கு முன்னர், தாழ்ந்த சுரங்களை ஊதுவதற்கு ஐரோப்பியர் கைக்கொண்டவை விசித்திரமான கருவிகள். முதலாவது, பாம்பென நெளிந்து வளைந்த மரக்குழலுக்குத் தோல் போர்த்திய 'சேர்ப்பன்ற்'. பிரெஞ்சு நாட்டுத் தேவாலயங்களில் பாடுவோருக்குத் துணையாக ஊதப்பட்டது. அதற்குப் பின்வந்தது, 1821இல் பாரிஸ் நகரில் காப்புரிமை பெற்ற 'ஒஃபிகிளைட்'. இது பித்தளையாலானது, துளைகளைத் திறந்து மூடச் சாவிகள் கொண்டது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. குழலின் பக்கத்திலுள்ள துளைகள் வழியே ஒலி வெளியேறுவதால் ஒரு சுரம் முழங்கும், அடுத்த சுரம் முனகும்.

இக்குறையைப் போக்கியது வால்வு. ஸ்ரோல்செல், புளூமெல் என்னும் இரு ஜேர்மன் இசைஞர்கள் 1818இல் பிரஷ்ய அரசிடம் அதற்குக் காப்புரிமை பெற்றனர். வால்வை அமுக்கினால் காற்று கூடுதலான ஒரு குழாய்த்துண்டைச் சுற்றிவரும். குழல் நீண்டு சுரம் தாழும். எந்தச் சுரமாயினும் விரிந்த வாய் வழியாகவே வெளிவரும். பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1835 செப்ரெம்பர் 12ஆம் நாள், வில்ஹெல்ம் வீப்ரெக்ற் என்பவரும் அரசவைக் கருவிசெய்வோரான மொறிற்ஸ் என்பவரும் ஐந்து வால்வுகள் கொண்ட எஃப் சுருதிக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். அதுவே முதலாவது ரியூபா. வீப்ரெக்ற் படைவீரர் அல்லர். ஆயினும் பிரஷ்யக் காவற்படைகளின் பாண்ட் இசையைச் சீர்திருத்திய பெருமை அவருக்கே உரியது. திறந்த வெளியில் அணிவகுத்துச் செல்லும் பாண்ட் குழுவுக்கு உறுதியான அடித்தளம் வேண்டும் என்பதே அவரது கவலை. நாடக அரங்கும் இசைக்கூடமும் பிறகு வந்தவை.

கருவி பிறந்தது ஒரே இடத்தில். வளர்ந்தது அவரவர் வீட்டில். 1845இல் பொஹீமியாவைச் சேர்ந்த செர்வெனி அதைப் பெருக்கி இன்னும் ஆழமான ரியூபாவைச் செய்தார். பிரெஞ்சுக்காரர் எதிர்த்திசையில் சென்று, ஆறு வால்வுகள் கொண்ட சிறிய சீ ரியூபாவை ஏற்றனர். ஆங்கிலேயரின் பாண்ட் குழுக்களில் ஈ பிளாட் ஊன்றி நின்றது. அமெரிக்க இசைக்குழுக்கள் பெரிய சீ ரியூபாவை விரும்பின. எஃப் ரியூபாவின் குழலை நிமிர்த்தினால் ஏறக்குறைய 12 அடி. பீ பிளாட்டின் குழல் 18 அடி. ஆங்கிலேயர் செய்த நல்ல காரியம் ஒன்றையும் சொல்லவேண்டும். ஒரு வால்வை அமுக்கிக் குழல் நீண்டுவிட்ட பின்னர், அடுத்த வால்வின் துண்டு அந்த நீளத்துக்குப் போதாமற் போகும். சுரம் சற்று உயர்ந்து ஒலிக்கும். டேவிட் பிளெய்க்லி என்பவர் 1874இல் இதற்குப் பரிகாரம் கண்டார். வால்வுகளைச் சேர்த்து அமுக்கும்போது குறைநிரப்பும் சிறு குழாய்கள் தாமாகவே இணையும் ஏற்பாடு அது. கருவியின் பாரம் கூடிற்று, சுருதி நேர்ப்பட்டது.

இலங்கைக்கு இவ்விசை வந்தது ஆங்கிலேயரின் படைகளோடுதான். காலிமுகத்திடலில் சுதந்திர தின அணிவகுப்புகளுக்குச் செய்தி சேகரிக்கச் சென்ற காலங்களில், தோளைச் சுற்றி மலைப்பாம்பு போல் கிடக்கும் வெண்ணிறக் கருவியையே சிறுவர்கள் விரல்நீட்டிக் காட்டக் கண்டிருக்கிறேன். அது ரியூபாவின் அமெரிக்க உறவினர். பாண்ட் தலைவர் ஜோன் பிலிப் சூசாவின் வேண்டுகோளின்பேரில் 1893இல் உருவானதால் 'சூசாபோன்' எனப் பெயர்பெற்றது. தொடக்கத்தில் அதன் வாய் வானத்தை நோக்கியிருந்தது. மழைநீர் பிடிக்கும் கருவி என்று கேலி செய்தனராம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஜேர்மனியில் வாழும் ஒன்றுவிட்ட தங்கையின் வீட்டில் தங்கியிருந்தேன். அவளது மகன் பாடசாலை இசைக்குழுவில் ரியூபா ஊதுபவன். சொந்தக் கருவி வாங்கவேண்டியிருந்தது. "மாமா, நீங்களும் வாங்கோ. எனக்கு வெளியிலை நிண்டு கேக்க ஒராள் வேணும்" என்றான். எனக்கென்ன தெரியும் என்று எண்ணியபடியே சென்றேன். கடைக்காரர் முதியவர். உதட்டில் வைத்து ஊதும் கிண்ணத்தை எந்தக் கருவிக்கும் மாற்றாதே, உன்னுடையதையே பொருத்து என்றார். மாற்றினால் கிண்ணத்தை ஒப்பிடுகிறாயா, கருவியை ஒப்பிடுகிறாயா என்பது தெரியாது. பிறகு என்னை அறையின் மறுகோடியில் முதுகு காட்டி நிற்கச் சொன்னார். ரியூபாவின் வாய் மேல்நோக்கியது. ஊதுபவனின் காதில் விழுவது வேறு, எதிரே இருப்பவர் கேட்பது வேறு. தாழ்ந்த சுரங்களில் மெதுவாகத் தொடங்கி, ஒரே சிறு மெட்டை நான்கு கருவிகளில் ஊதினான். அவன் மனம் பறிகொடுத்த பெரிய பீ பிளாட்டின் ஓசை என்னிடம் வரும்போது மழுங்கியிருந்தது. அளவிற் சிறிய எஃப் ரியூபாவோ ஒவ்வொரு சுரத்தையும் தெளிவாகக் கொணர்ந்தது. ஆனால் பாண்ட் குழுவுக்கு வேண்டிய அகலம் அதில் இல்லை என்றார் கடைக்காரர். சிறந்தது எது என்று நான் கேட்டேன். எந்த இசைக்கு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அக்கேள்வி விளையாட்டன்று. பெர்லியோஸ் தமது 'அற்புத சிம்பனி'யை 1830இல் அரங்கேற்றியபோது ரியூபா பிறக்கவேயில்லை. இறந்தோருக்கான தேவாலயப் பண் வருமிடத்தில் அவர் கேட்டது ஒஃபிகிளைட்டும் சேர்ப்பன்றும் எழுப்பிய கரகரத்த ஓசையை. பிற்பாடு பெர்லினில் ரியூபாவைக் கேட்டு அவரே புகழ்ந்தார். இன்று உருண்டு திரண்ட ரியூபாக்கள் அவ்விடத்தை ஊதுகின்றன. அச்சம் தரவேண்டிய இடம் கம்பீரமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ராவெல் 1922இல் இசைக்குழுவுக்கு அமைத்த 'கண்காட்சிச் சித்திரங்க'ளில் மாட்டுவண்டி உருண்டுவரும் பகுதியோ பிரெஞ்சுச் சிறு ரியூபாவை எண்ணி எழுதப்பட்டது. பெரிய கருவிக்காரருக்கு அது எட்டாத உயரம். பலர் அதற்கென 'யூஃபோனியம்' என்னும் சிறிய கருவியைக் கையிலெடுக்கின்றனர்.

ஒப்பீடு என்றதும் ரியூபாக்காரர்கள் வியந்து பேசும் கருவிகள் இரண்டு. 1930களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து யோர்க் நிறுவனம் பிலடெல்பியா இசைக்குழுவுக்கெனச் செய்த பெரிய சீ ரியூபாக்கள் அவை. அக்குழுவின் ரியூபாக் கலைஞர் டொனாற்றெல்லி பருத்த உடலினர். கருவியை மடியில் வைத்தால் வாய்க்கு எட்டவில்லை. தம் மாணவன் ஆர்னல்ட் ஜேக்கப்ஸுக்கு 175 டொலருக்கு விற்றுவிட்டார். அம்மாணவர் 1944 முதல் 1988 வரை சிக்காகோ சிம்பனி இசைக்குழுவில் அதை ஊதினார். உலகமே அந்த ஓசையைத் தேடத் தொடங்கிற்று. இரண்டாவது கருவியும் பின்னர் அவரிடமே வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் அந்த இசைக்குழுவின் உடைமை. யோர்க் தொழிற்சாலை மறைந்துவிட்டது. சுவிற்சர்லாந்தின் ஹிர்ஸ்புறுன்னரும் யப்பானின் யமஹாவும் அக்கருவிகளை அளந்து பிரதிகள் செய்தனர். ஒரு மோட்டார் வண்டியின் விலை கொடுத்து அப்பிரதிகளை வாங்கியோர் அநேகர். மூலத்துக்கு ஈடாகுமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கையால் தட்டி உருவாக்கப்பட்ட அந்த மூலங்கள் இரண்டுமே அச்சொட்டாக ஒன்றையொன்று ஒத்தவையல்ல.