ஏப்ரல் 11-இல் திரும்பத் திரும்பக் கண்விழிக்கும் இளைஞன்: பிடிஎஸ் காணொலிகளுக்குள் ஒரு தொடர்கதை

தென் கொரியாவின் பிடிஎஸ் இசைக்குழு 2015-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட பாடல் காணொலிகள் பலவற்றில் ஒரே கதையின் துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. பள்ளியில் நண்பர்களாகிப் பின்னர் பிரிந்துபோன ஏழு இளைஞர்களின் கதை அது. அவர்களில் ஒருவன், மற்ற ஆறு பேரையும் அழிவிலிருந்து மீட்பதற்காகக் காலத்தைத் திரும்பத் திரும்பப் பின்னோக்கித் திருப்புகிறான்.

'பிடிஎஸ் யுனிவர்ஸ்' என்றும், சுருக்கமாக 'பியூ' என்றும் அழைக்கப்படும் இந்தக் கற்பனை உலகம், பாடல் காணொலிகளில் தொடங்கி, குறும்படங்கள், குறிப்பேடுகள், இணையச் சித்திரக்கதை, கைப்பேசி விளையாட்டு, தொலைக்காட்சி பாணித் தொடர் எனப் பல வடிவங்களில் விரிந்தது. இந்தக் கதை உருவான விதம், அதன் உள்ளடக்கம், அதைச் சுற்றி எழுந்த கேள்விகள் ஆகியவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

கதைச் சுருக்கம்

சோங்ஜு என்ற கற்பனை நகரில் கதை நிகழ்கிறது. பள்ளிக்குத் தாமதமாக வந்த ஏழு மாணவர்களுக்குத் தண்டனையாக, பயன்பாட்டில் இல்லாத ஒரு வகுப்பறையைச் சுத்தம் செய்யும் வேலை தரப்படுகிறது. அந்த அறையே நாளடைவில் அவர்களின் மறைவிடமாகவும் புகலிடமாகவும் மாறுகிறது.

ஏழு பேரில் மூத்தவனான சொக்ஜின், அரசியல்வாதி ஒருவரின் மகன். பள்ளி முதல்வரின் நெருக்குதலுக்குப் பணிந்து நண்பர்களைப் பற்றிய தகவல்களை அவரிடம் தெரிவித்துவிடுகிறான். அதன் விளைவாக யூன்கி பள்ளியிலிருந்து நீக்கப்படுகிறான். நண்பர்கள் ஒவ்வொருவராகப் பிரிகின்றனர். சொக்ஜினும் வெளிநாடு சென்றுவிடுகிறான்.

ஆண்டுகள் கழிந்து ஊர் திரும்பும் அவன், நண்பர்கள் அனைவரின் வாழ்வும் சிதைந்து கிடப்பதை அறிகிறான். அப்போது அவனுக்குக் காலத்தைத் திருப்பும் ஆற்றல் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் அவன் கண்விழிக்கும் நாள், கதையின் கணக்கில் 'ஆண்டு 22', ஏப்ரல் 11. ஒரு நண்பனைக் காப்பாற்றினால் மற்றொருவனை இழக்க நேர்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்பும் அதே காலைப்பொழுதில் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. இதன் காரணமாகவே ரசிகர்கள் ஆண்டுதோறும் ஏப்ரல் 11-ஆம் தேதியை நினைவுகூர்கின்றனர்.

ஏழு பேரின் துயரங்கள்

மற்ற ஆறு பேரின் துயரங்களும் இக்கால இளைஞர்கள் அறிந்தவையே. நாம்ஜுன் வறுமையில் உழன்று, பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்து குடும்பச் சுமையைத் தாங்குகிறான். யூன்கி, தீ விபத்தில் தாயை இழந்தவன். அந்த இழப்பும் பியானோ மீதான பிடிப்பும் அவனை விட்டு நீங்குவதில்லை.

ஹோசொக், ஏழு வயதில் பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் தாயால் கைவிடப்பட்டவன். ஜிமின் சிறுவயது அதிர்ச்சி ஒன்றை யாரிடமும் சொல்லாமல் சுமந்தபடி மருத்துவமனையில் காலம் கழிக்கிறான். தேஹ்யுங், குடித்துவிட்டு அடிக்கும் தந்தையுடன் வாழ்கிறான். எல்லோரிலும் இளையவனான ஜங்குக், சொந்த வீட்டிலேயே வேண்டாதவனாக உணர்ந்து தெருக்களில் அலைகிறான்.

இந்த ஏழு பாத்திரங்களுக்கும் இசைக்குழு உறுப்பினர்களின் இயற்பெயர்களே சூட்டப்பட்டன. ஆனால், பாத்திரங்களின் வாழ்க்கை வரலாறு முற்றிலும் கற்பனையானது. பிற்காலத்தில் எழுந்த ஒரு சிக்கலுக்கு இந்தப் பெயர் ஒற்றுமையே காரணமானது.

2015: கடற்கரைப் பயணம்

பிக் ஹிட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின்கீழ் 2013-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி அறிமுகமான பிடிஎஸ், 2015 ஏப்ரலில் 'ஐ நீட் யூ' பாடலின் காணொலியை வெளியிட்டது. கதையின் முதல் துண்டு அதுவே. நண்பர்கள் ஒன்றாகக் களித்திருக்கும் காட்சிகளும், தனிமையில் ஒவ்வொருவரும் நொறுங்கும் காட்சிகளும் அதில் மாறிமாறி வருகின்றன. வன்முறையும் தன்னழிவும் கூடுதலாக இடம்பெற்ற முழு வடிவம், வயது வந்தோருக்கானது என்ற கட்டுப்பாட்டுடன் பின்னர் தனியே வெளியிடப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில் ஏறத்தாழ 12 நிமிடங்கள் ஓடும் 'முன்னுரை' காணொலி வந்தது. ஏழு பேரும் கடற்கரைக்குச் செல்கின்றனர். சொக்ஜின் கையில் கேமராவுடன் நண்பர்களைப் படம்பிடித்தபடி இருக்கிறான். இறுதியில் தேஹ்யுங் கடலோரத்தில் உள்ள உயர்ந்த கோபுரத்தின் மீது ஏறுகிறான். நவம்பர் இறுதியில் வெளியான 'ரன்' காணொலி, அவன் நீருக்குள் விழும் காட்சியுடன் தொடங்குகிறது. இவ்வாறு ஒரு காணொலி விட்ட இடத்தை அடுத்தது தொட்டுச் செல்வதைக் கண்ட ரசிகர்கள், இவை தொடர்கதையின் பகுதிகள் என்பதை உணரத் தொடங்கினர்.

இக்காலத்து இசைத்தொகுப்புகளின் கொரியத் தலைப்பான 'ஹ்வாயாங்யோன்ஹ்வா', வாழ்வின் மிக அழகிய பருவத்தைக் குறிக்கும் சொற்றொடராகும். ஹாங்காங் இயக்குநர் வோங் கார்-வாய் 2000-ஆம் ஆண்டு எடுத்த புகழ்பெற்ற திரைப்படத்தின் சீனத் தலைப்பும் இதே எழுத்துகளால் ஆனதே. மிக அழகிய பருவம் என்று பெயரிட்டுவிட்டு, அப்பருவத்தின் அச்சத்தையும் தனிமையையும் காட்டியதே இந்தத் தொடரின் தனித்தன்மை.

2016: ஹெஸ்ஸேயின் நாவலும் குறும்படங்களும்

2016 செப்டம்பரில் உறுப்பினருக்கு ஒன்று வீதம் ஏழு குறும்படங்கள் வெளியாயின. ஜெர்மன் எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1919-இல் வெளியிட்ட 'டெமியன்' நாவலின் பகுதிகள் இவற்றில் பின்னணிக் குரலாக ஒலிக்கின்றன. நன்மை மட்டுமே உள்ள வீட்டின் உலகத்திலிருந்து, நன்மையும் தீமையும் கலந்த வெளியுலகத்திற்கு ஓர் இளைஞன் நகர்வதே அந்நாவலின் பொருள்.

அக்டோபர் 10-ஆம் தேதி வெளியான 'பிளட் ஸ்வெட் அண்ட் டியர்ஸ்' காணொலி, இந்தக் கருத்தை ஓவியங்களின் வழியாகத் தொடர்கிறது. அருங்காட்சியகம் போன்ற மாளிகை ஒன்றில் நிகழும் அதில், பீட்டர் புரூகலின் ஓவியங்களும் ஹெர்பர்ட் டிரேப்பரின் இக்காரஸ் ஓவியமும் இடம்பெறுகின்றன. மெழுகுச் சிறகுகளுடன் சூரியனை நெருங்கி வீழ்ந்த கிரேக்கப் புராண இளைஞன் இக்காரஸ். அந்த இசைத்தொகுப்பின் பெயர் 'விங்ஸ்', அதாவது சிறகுகள் என்பது குறிப்பிடத்தக்கது.

2017-18: நான்கு கட்டங்கள்

2017 ஆகஸ்டில் நான்கு பகுதிகளாக வெளியான 'ஹைலைட் ரீல்' குறும்படங்கள், கதையை மேலும் தெளிவாக்கின. தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிவு என்ற கிழக்காசியக் கதைகூறல் மரபின் நான்கு கட்டங்களும் அவற்றுக்குத் தலைப்புகளாயின. அதைத் தொடர்ந்து வந்த 'லவ் யுவர்செல்ஃப்' வரிசையும் இதே அமைப்பைப் பின்பற்றியது. வளர்ச்சி, திருப்பம், முடிவு ஆகிய மூன்றும் இசைத்தொகுப்புகளாக வந்தன. தொடக்கம் மட்டும், 2018 ஏப்ரலில் 'யூஃபோரியா' என்ற சுமார் 9 நிமிடக் காணொலியாக வெளியானது.

அக்காணொலியில் சொக்ஜின் கண்விழித்துத் திரைச்சீலையை விலக்குகிறான். பின்னர் நண்பர்களை ஒவ்வொருவராகத் தேடிச் செல்கிறான். மூன்று ஆண்டுகளுக்கு முன் 'ஐ நீட் யூ'வில் கண்ட அதே சூழல்கள் மீண்டும் வருகின்றன. ஆனால், இம்முறை அந்த இடங்களுக்கு ஒருவன் வந்து சேர்கிறான். பழைய காட்சிகளை அறிந்தவருக்கே இந்த மாற்றத்தின் எடை முழுமையாகப் புரியும்.

இதே காலத்தில், இசைத்தொகுப்புகளுடன் 'தி நோட்ஸ்' என்ற சிறு குறிப்பேடுகளும் இணைக்கப்பட்டன. பாத்திரங்களின் நாட்குறிப்புகளாக அமைந்த அவை தேதி வரிசையில் இல்லை. ஒரே இசைத்தொகுப்பின் வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு குறிப்புகள் இடம்பெற்றன. ரசிகர்கள் அவற்றைத் திரட்டி, மொழிபெயர்த்து, கால வரிசைப்படுத்தினர். கதையை முழுமையாக அறியப் பல பதிப்புகள் தேவைப்பட்டது விற்பனைக்கும் துணைபுரிந்தது என்பதை மறுக்க இயலாது. எனினும், ஒருவர் வாங்கியதைப் பலர் படிக்கும் வகையில் பகிர்ந்துகொண்ட கூட்டு உழைப்பும் இதன் வழியாகவே உருவானது.

உலகில் இல்லாத மலர்

கதையில் திரும்பத் திரும்ப வரும் நீல மலரின் பெயர் 'ஸ்மெரால்டோ'. இத்தாலிய மொழியில் மரகதம் என்று பொருள்படும் இப்பெயரில் எந்த மலரும் உலகில் இல்லை. ஆனால், இது இத்தாலியின் வடபகுதியில் பூப்பது என்று கூறும் பழங்கதை ஒன்று இம்மலருக்காகவே புனையப்பட்டது.

தன் முகத்தை வெளிக்காட்ட அஞ்சிக் கோட்டையில் தனித்து வாழும் ஒருவன், தன் தோட்டத்து மலர்களைத் திருடி விற்கும் ஏழைப் பெண்ணை மறைந்திருந்து காண்கிறான். அவளுக்கு உதவ, எங்கும் இல்லாத அரிய மலர் ஒன்றை உருவாக்க முனைகிறான். மலர் மலரும்போது அவள் உயிருடன் இல்லை. சொல்லப்படாத உண்மை என்பதே இம்மலருக்குத் தரப்பட்ட பொருள்.

2018-இல் வந்த 'தி ட்ரூத் அன்டோல்ட்' பாடல் இக்கதையை அடிப்படையாகக் கொண்டது. நண்பர்களைக் காட்டிக்கொடுத்த உண்மையைச் சொல்லத் துணியாத சொக்ஜினின் நிலைக்கும் இம்மலர் பொருந்துகிறது. 2024 ஜூனில் ஜிமின் வெளியிட்ட தனிப்பாடல் ஒன்றின் தலைப்பிலும் இம்மலரின் பெயர் இடம்பெற்றது.

நூல் முதல் தொடர் வரை

2019-ஆம் ஆண்டு தொடக்கத்தில் 'சேவ் மீ' என்ற இணையச் சித்திரக்கதை நேவர் வெப்டூன் தளத்தில் தொடராக வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் 'தி நோட்ஸ்' முதல் தொகுதி தனி நூலாகவும், 2020-இல் இரண்டாம் தொகுதியும் வெளியாயின. 2020 செப்டம்பரில் நெட்மார்பிள் நிறுவனம் இவ்வுலகை அடிப்படையாகக் கொண்ட கைப்பேசி விளையாட்டை வெளியிட்டது.

அடுத்ததாக, தொழில்முறை நடிகர்களைக் கொண்டு இக்கதையைத் தொடராக எடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அப்போதுதான் பெயர்ச் சிக்கல் எழுந்தது. தந்தையின் கொடுமை, தாயின் கைவிடல், மனநோய், கொலை ஆகியவை நிறைந்த கற்பனை வரலாறு, உயிருடன் இருக்கும் கலைஞர்களின் பெயர்களில் திரையேறினால், அவர்களின் உண்மையான குடும்பங்கள் தவறாகக் கருதப்படக்கூடும் என ரசிகர்களே கவலை தெரிவித்தனர். பாடல் காணொலியில் உறுப்பினர்களே நடித்தபோது மங்கலாக இருந்த எல்லை, வேறு நடிகர்கள் அப்பெயர்களை ஏற்கும்போது கூர்மையான கேள்வியாக மாறியது.

இறுதியில் பாத்திரங்களின் பெயர்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. சோரோக்பேம் மீடியா தயாரித்த அத்தொடர், 'பிகின்ஸ் யூத்' என்ற பெயரில் 2024 ஏப்ரல் இறுதியில் வெளியானது.

கே-பாப் உலகில் பிற கதைகள்

கொரிய இசைக்குழுக்களுக்குக் கற்பனைப் பின்புலம் அமைக்கும் வழக்கம் பிடிஎஸ்ஸுடன் தொடங்கியதன்று. 2012-இல் அறிமுகமான எக்ஸோ குழுவின் 12 உறுப்பினர்களும் வேற்றுக்கோளிலிருந்து வந்தவர்களாகவும், ஆளுக்கோர் அபூர்வ ஆற்றல் கொண்டவர்களாகவும் சித்திரிக்கப்பட்டனர். லூனா குழு 2016 அக்டோபர் முதல் தன் 12 உறுப்பினர்களைத் தனித்தனியே அறிமுகம் செய்து, அவர்களின் காணொலிகளை ஒரு கதைவலையாகப் பின்னியது. 2020 நவம்பரில் வந்த ஏஸ்பா, மெய்நிகர் உருவங்களையும் 'குவாங்யா' என்ற பாழ்வெளியையும் கொண்ட உலகை முன்வைத்தது.

இவற்றுடன் ஒப்பிடுகையில், பிடிஎஸ் கதையில் கோள்களோ அரக்கர்களோ இல்லை. காலப்பயணம் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் பெட்ரோல் நிலையம், மருத்துவமனை, பள்ளி, வாடகை அறை போன்ற அன்றாட இடங்களில் நிகழ்கின்றன.

ஒருவனால் மட்டும் இயலாதது

கதையில் சொக்ஜின் பலமுறை தோற்பதற்கு ஆற்றல் குறைவு காரணமன்று. எல்லோரையும் தானே காப்பாற்றிவிடலாம் என்று அவன் எண்ணுகிறான். யூன்கியை மீட்க அவன் எடுக்கும் முயற்சிகள் திரும்பத் திரும்ப வீணாகின்றன. யூன்கியின் மனத்தை எட்டக்கூடியவன் தான் அல்ல, ஜங்குக் தான் என்பதை உணர்ந்த பின்பே வழி பிறக்கிறது. நண்பர்களைக் காப்பாற்றும் வழி, அவர்களை மீண்டும் ஒருவரோடு ஒருவர் சேர்த்துவைப்பதில் இருக்கிறது.

துன்பத்தில் இருக்கும் நண்பனுக்காக எல்லாச் சுமையையும் தனியே ஏற்க முயலும் இளையோர் எங்கும் உண்டு. உதவிக்கு மற்றவர்களையும் அழைக்க வேண்டும், மறைத்த உண்மையை ஒருநாள் சொல்லியாக வேண்டும் என்பதையே ஏப்ரல் 11-ஆம் தேதியின் ஒவ்வொரு விடியலும் சொக்ஜினுக்குக் கற்றுத்தருகிறது. இந்தக் கதையைப் புதிதாக அறிய விரும்புவோர் 'ஐ நீட் யூ', 'முன்னுரை', 'ரன்', 'யூஃபோரியா' ஆகிய நான்கையும் வெளியான வரிசையிலேயே பார்த்தால் அதன் முதன்மை இழை பிடிபடும்.