கொங்கின் வால்நட்: வாகை மரத்தின் இயல்பும் தச்சுப் பயனும்

1. ஆய்வுப் பொருள்

கருநிற அறைகலன் கேட்டுக் கோவை மரக்கடைகளுக்கு வருவோர் இன்று வால்நட் பெயரையே முதலில் சொல்கிறார்கள். அமெரிக்கக் கருவால்நட் கப்பலேறி வரவேண்டிய மரம். ஆனைமலை, நீலகிரிப் பகுதியின் கருநிற ஈட்டி மரத்தை வெட்டுவதற்கு 1994ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் தடை போட்டது. ஆனால், கொங்குத் தோட்டங்களின் வேலியோரத்தில் வளரும் வாகையை ஐரோப்பிய மரச் சந்தை ‘கிழக்கிந்திய வால்நட்’ என்றே அழைத்தது. அந்தப் பெயருக்கு வாகை எந்த அளவு தகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

2. இயல்பு ஒப்பீடு

*2.1 உறவு:* இரண்டும் வெவ்வேறு குடும்பம். வால்நட் கொட்டை மரம். வாகை பயறு இனம், மண்ணில் தழைச்சத்தைச் சேர்ப்பது.

*2.2 எடை:* உலர்ந்த கருவால்நட் கனமீட்டருக்குச் சுமார் 610 கிலோ. வாகை பெரும்பாலும் 550 முதல் 700 கிலோ வரை.

*2.3 நிறம்:* வாகையின் வைரம் கரும்பழுப்பு. ஊடே கருங்கோடுகள் ஓடும். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி அகலமானது. கருவால்நட்டின் வைரமும் பழுப்பே. காலப்போக்கில் அது வெளிறும்.

*2.4 இழை:* பெரிய வேறுபாடு இங்கேதான். கருவால்நட்டின் இழை பெரும்பாலும் நேரானது. வாகையின் இழை அடுக்குக்கு அடுக்கு திசை மாறிப் பின்னியிருக்கும். இழைப்புளி ஒரு பட்டையில் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த பட்டையில் நார் பிய்ந்து எழும்பும்.

3. பக்குவம்

*3.1* மரம் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, பலகைகளுக்கு இடையே சம கனமுள்ள கட்டைகள் வைத்து, நிழலில் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். வெயிலில் போட்டால் முனை வெடிக்கும்.

*3.2* வெள்ளைப் பகுதியில் வண்டு துளைக்கும். அதை அறுத்து நீக்கலாம். அல்லது போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசலில் ஊறவைக்கலாம்.

*3.3* கூர்தீட்டிய அலகால் மெல்லிய சீவலாக இழைத்து, உப்புத்தாளால் முடிப்பது நல்லது. அறுவைத் தூள் தும்மலை உண்டாக்கும். மூக்கை மூடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும்.

4. பயன்

கொங்கு நாட்டில் வாகையின் உழைப்புக்குச் சான்று மரச்செக்கு. கடலையும் எள்ளும் ஆட்டும் அழுத்தத்தை நாள்தோறும் தாங்குவதற்கு இந்தப் பின்னிய இழையே துணை. பிளவு எளிதில் ஓடாது. வண்டிச் சக்கரத்துக்கும் உழவுக் கருவிக்கும் வாகை உதவியதும் இதனால்தான். மேசைப் பலகை, கட்டில், அலமாரிக் கதவு, சுவர்ப் பலகை ஆகியவற்றில் அதன் நிறமும் கோடுகளும் எடுபடும். நுண்செதுக்கலுக்கு மட்டும் வால்நட்டே மேல். காஷ்மீரத்துச் சிற்பிகள் வால்நட்டில் செதுக்குவதும் அதன் ஒழுங்கான இழையை நம்பித்தான்.

5. முடிவு

நிறத்திலும் எடையிலும் வாகை வால்நட்டுக்கு நிகர். இழைக்கும் எளிமையில் ஒரு படி கீழ். உள்ளூரில் வளர்வதில் பல படி மேல். 1902இல் திறந்த காஸ் வன அருங்காட்சியகமும், 1988 முதல் இயங்கும் வன மரபியல், மரப்பெருக்க நிறுவனமும் கோவையிலேயே இருக்கின்றன. நேர் இழையும் அகன்ற வைரமும் உள்ள தாய்மரங்களைத் தேர்ந்து, அவற்றின் நாற்றை உழவர்க்குத் தர இந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வேலியோர வாகையை விறகுக்கு விலைபேசும் முன், தோட்டக்காரர்கள் ஒருமுறை ஆசாரியிடம் காட்டிக் கேட்க வேண்டும்.