க்ஷேமமும் பண்பாடும்: மலேசியத் தமிழரைப் பற்றிய ஆராய்ச்சி வளர்ந்த வரலாறு

1. பொருளும் எல்லையும்

ஒரு ஜனசமூகம் நலமாக வாழ்கிறதா என்று அறிய விரும்புவோர் அதன் கூலியையும் நோயையும் மரணத்தையும் கணக்கெடுப்பர். அது எவ்வகையில் வாழ்கிறது என்று அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் மொழியையும் சடங்குகளையும் ஆராய்வர். மலாயாவிற் குடியேறிய தமிழரைப் பொறுத்தவரையில் இவ்விரு விசாரணைகளும் நெடுங்காலம் வெவ்வேறு கைகளில், வெவ்வேறு பிரயோஜனங்களைக் கருதி, பெரும்பாலும் ஒன்றையொன்று நாடாமலே நடந்துவந்தன. அப்பிரிவினை எவ்வாறு தோன்றியது, எவர் கையில் அது நெகிழத் தொடங்கியது, இன்று எஞ்சியிருக்கும் குறை யாது என்பவற்றைக் காலமுறைப்படி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற் சூளைகளாற் பெயர்பெற்ற இவ்வட்டாரம், 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்த இருப்புப்பாதையின் விளைவாக, இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் கற்றுக் கிராணிமாராகவும் நிலைய அதிபர்களாகவும் வந்தவர்களும், தமிழ்நாட்டு ஜில்லாக்களிலிருந்து பாதை போடவும் பட்டறையில் உழைக்கவும் வந்தவர்களும், மலையாளிகளும், சிங்களரும், சீனரும் இங்கே அருகருகே வாழ்ந்தனர். 1894இல் நிறுவப்பட்ட சங்கமொன்றன் முயற்சியால் எழுந்த பௌத்த மகாவிகாரையும், யாழ்ப்பாணத்துச் சைவர்கள் ஸ்காட் சாலையில் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும், 1904இல் தொடங்கிய விவேகானந்த ஆசிரமமும் அவ்வாழ்வின் சாட்சிகள். ஒரே வட்டாரத்தில் க்ஷேமமும் பண்பாடும் இவ்வளவு நெருங்கிப் பின்னியிருக்கும்போது அவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த முறையின் குறை எளிதிற் புலப்படும்.

2. விசாரணை அறிக்கைகளின் காலம்

தமிழரைப் பற்றிய முதல் முறையான விசாரணைகளை நடத்தியோர் அறிஞரல்லர், அரசாங்கத்தார். 1907இல் தோட்ட முதலாளிகளின் வரியைக்கொண்டு தமிழர் குடிபெயர்வு நிதி அமைக்கப்பட்டது; 1910இல் மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலிமுறை நின்றது; அதன்பின் கங்காணி வாயிலாக ஆள்திரட்டும் முறையே மேலோங்கியது. 1917இல் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் சென்ற இந்தியத் தொழிலாளரின் நிலையைக் கண்டு அறிக்கை எழுதினர். இருபது ஆண்டுகள் கழித்து, ரப்பர் விலை வீழ்ச்சியால் கூலி குறைக்கப்பட்டதைப் பற்றி இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து, 1937இல் எழுதிய அறிக்கையில், ஆணுக்கு ஐம்பது காசும் பெண்ணுக்கு நாற்பது காசுமாகிய பழைய நியமக் கூலியை மீட்கவேண்டுமென்று பரிந்துரைத்தார். மறுவருஷமே உதவி பெற்ற கூலிக் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் தடுத்தது.

இவ்வறிக்கைகளின் பயன் சிறிதன்று. ஆயினும், கூலியாட்களை மேலும் அனுப்பலாமா கூடாதா என்று இரண்டு அரசாங்கங்கள் தீர்மானிப்பதற்காக எழுந்தவையாதலின், அவற்றின் பார்வை தொழிலாளியை உழைப்பின் அளவாகவே கண்டது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பத்துப் பிள்ளைகள் இருக்கும் தோட்டத்திற் பள்ளி வைக்கவேண்டுமென விதித்தபோதும், அப்பள்ளி எந்தப் பண்பாட்டை வளர்க்கிறது என்பது அதிகாரிகளின் கேள்வியாக இருக்கவில்லை.

தொழிலாளரோ இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் தக்க பிரமாணம். கிள்ளான் இந்தியர் சங்கத்தைச் சேர்ந்தவரும் 'தமிழ்நேசன்' பத்திரிகையிற் பணியாற்றியவருமான ஆர். எச். நாதன் முன்னின்ற அவ்வியக்கத்தின் கோரிக்கைகளுள் கூலி உயர்வு ஒன்று. அதனோடு, வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும், பெண்களின் மானம் காக்கப்பட வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பனவும் சேர்ந்திருந்தன. துருப்புகளைக்கொண்டு அரசாங்கம் அதனை அடக்கி, நாதனை நாடுகடத்திற்று. எனினும், காசுக்கும் கௌரவத்திற்கும் உள்ள சம்பந்தத்தை, பின்னர் வந்த ஆராய்ச்சியாளர் பலர் காண்பதற்கு வெகுகாலம் முன்னரே, தோட்டத்து லயங்களில் வாழ்ந்த ஜனங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலிலேயே எழுதிவிட்டனர் எனலாம்.

3. பல்கலைக்கழகமும் தமிழியலும்

பண்பாட்டு ஆராய்ச்சிக்கு ஸ்தாபனம் அமைந்தது 1956இல். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அவ்வாண்டு தோன்றியது. அத்துறையில் சமஸ்கிருதத்திற்கு முதன்மையா, தமிழுக்கு முதன்மையா என்ற விவாதத்தில், பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியாரின் யோசனைக்கு எதிராகத் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி பொதுஜனங்களைத் திரட்டி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கினார். சொற்பக் கூலி பெற்ற தொழிலாளரும் தம் பங்கைக் கொடுத்துத் அத்துறையில் தமிழ் நூலகம் அமைய உதவிய இந்நிகழ்ச்சி, ஆராய்ச்சியைச் சமுதாயமே தாங்கி நின்றதற்கு மலாயாவில் தோன்றிய அரிய எடுத்துக்காட்டாகும்.

1961 முதல் 1969 வரை அத்துறைக்குத் தலைமை வகித்த சேவியர் தனிநாயகம் அடிகள், தமிழாராய்ச்சிக்கு உலகப் பார்வையை அளித்தவர். 1964இல் தில்லியில் அவர் முயற்சியாற் பிறந்த உலகத் தமிழாராய்ச்சி மன்றம், 1966 ஏப்ரலில் தன் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டியது; அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதனைத் தொடங்கிவைத்தார். திருவெம்பாவை சயாம் நாட்டின் அரண்மனைச் சடங்கில் ஓதப்பட்டுவந்த செய்தியை உலக அறிஞர் அறியச் செய்தவர்களுள் அடிகளாரும் ஒருவர். இராம சுப்பையா 1969இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் தொகுத்துப் பட்டியல் வெளியிட்டார்.

இம்முயற்சிகளால் தோட்டத்து ஜனங்களின் மொழி, உலகச் செம்மொழிகளின் வரிசையில் வைத்து ஆராயப்படும் பெருமையை அடைந்தது. ஆனால், அடைந்த பெருமை சங்க காலத்துக்கும் சோழர் காலத்துக்கும் உரியதாயிருந்ததே தவிர, மாநாட்டு மண்டபத்திலிருந்து சில மைல் தூரத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவரின் வழக்கும் பாடலும் குலதெய்வ வழிபாடும் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. அறிக்கைகள் வயிற்றைக் கண்டு மனத்தை விட்டன. தமிழியல் மனத்தின் பழமையைக் கண்டு நிகழ்காலத்தை விட்டது. புதிய ஸ்தாபனமொன்று தன் தகுதியை நிலைநாட்டுவதற்குத் தொன்மையைச் சார்ந்து நிற்பது இயல்பே. ஆதலின் இதனைக் குற்றமென்று கூறாமல் அக்காலத்தின் நிர்ப்பந்தம் என்று கொள்வதே நியாயம்.

4. தோட்டத்தினுட் புகுந்த ஆராய்ச்சி

1960களில் நிலைமை மாறியதற்குப் பொருளாதாரமே காரணம். அந்நியக் கம்பெனிகள் 1950களிலேயே தம் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியிருந்தன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலை ஆராய்ந்து, பேராசிரியர் உங்கு அசீஸ் 1963இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். 1960இலேயே துன் வீ. தி. சம்பந்தன், தொழிலாளரின் சேமிப்பைக்கொண்டு தோட்டங்களை வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்திருந்தார். வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் ஒரே வேலியுள் அடங்கிய வாழ்வு குலையும் வேளையில்தான், அவ்வாழ்வு என்னவென்று அறியும் ஆவல் அறிஞருக்குப் பிறந்தது.

1969இல் கர்னியல் சிங் சாந்து 1786 முதல் 1957 வரையிலான இந்தியர் குடியேற்றத்தைப் பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1970இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு போதித்த சின்னப்பா அரசரத்தினம், மலேசியா, சிங்கப்பூர் இந்தியரின் அரசியலையும் தொழிலையும் சமயத்தையும் ஒரே நூலில் இணைத்தார். அதே ஆண்டில் ரவீந்திர ஜெயின், 'பால் மலாயு' எனத் தாம் மாற்றுப்பெயரிட்ட ரப்பர்த் தோட்டத்தில் தங்கிக் கண்டவற்றை நூலாக்கினார். துரை, கிராணி, கங்காணி, கூலி என்னும் அதிகாரப் படிகளையும், கோயில் திருவிழாவில் அப்படிகள் வெளிப்படும் விதத்தையும், சாதியும் உறவும் தொழிற்சங்கமும் ஒன்றையொன்று பாதிக்கும் முறையையும் ஒருசேரக் கண்ட அந்நூலிலேயே, அறிக்கையின் விஷயமும் தமிழியலின் விஷயமும் முதன்முதலாக ஒரே பார்வைக்குள் வந்தன. கோயிற் குழுவில் யார் இடம்பெறுகிறார் என்பது பக்தியின் விஷயமாயிருப்பதோடு, துன்பம் நேர்ந்தபோது யார் யாருக்குத் துணை நிற்பார் என்பதையும் தெரிவிக்கும் என்ற உண்மை இதனால் ஆராய்ச்சியின் அங்கமாயிற்று.

5. நகரமும் பிரிக்பீல்ட்ஸும்

தோட்டம் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் மாறியபின் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடிசைகளில் ஒதுங்கிய தமிழரைப் பற்றியும், கிராமிய தெய்வங்களின் இடத்தில் ஆகம வழிபாடு பரவுவதைப் பற்றியும் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறையின் ராஜு ஆராய்ந்தார். ரேமண்ட் லீயுடன் அவர் 1987இல் எழுதிய கட்டுரை இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுவது. அதே துறையின் இராஜகிருஷ்ணன் இராமசாமி 1988இல் வெளியிட்ட நூல், இலங்கைத் தமிழர் 1885 முதல் 1965 வரை வந்துபோகும் ஊழியராயிருந்த நிலையிலிருந்து குடிமக்களாக மாறிய வரலாற்றைக் கூறியது. அந்நூல் இன்றிப் பிரிக்பீல்ட்ஸின் கோயில்களையும் சங்கங்களையும் விளங்கிக்கொள்ளல் அரிது. இதே காலத்தில் வரலாற்றாசிரியர் மு. தம்பிராஜா 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கி, வழிபாட்டையும் மாணவர் கல்வியையும் இணைத்தார். பண்பாட்டைக் க்ஷேமத்தின் கருவியாகக் கண்ட அறிவு, நூலாகாமல் வகுப்பறையாயிற்று.

2001இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டதும் பிரிக்பீல்ட்ஸ் விரைந்து மாறியது. அம்மாற்றத்தின் நடுவே அங்கு வாழ்ந்து ஆராய்ந்த ரிச்சர்ட் பாக்ஸ்ட்ராம் 2008இல் வெளியிட்ட நூல், வீடும் தெருவும் இடம்பெயரும்போது, நாளை இவ்விடம் எவ்வாறிருக்கும் என்ற நம்பிக்கையே ஜனங்களிடம் குலைவதைக் காட்டியது. தோட்டத்துக் கோயில்கள் இடிபட்டதையும் குடிகள் வெளியேற்றப்பட்டதையும் ஆராய்ந்த ஆண்ட்ரூ வில்ஃபோர்ட், இழப்பீட்டுத் தொகையால் தீராத நீதிக் கேள்வி ஒன்று அங்கே எஞ்சுவதை 2014இல் எடுத்துரைத்தார். 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூர் வீதிகளில் திரண்ட ஹிண்ட்ராஃப் என்னும் இந்து உரிமை இயக்கத்தின் பேரணிக்குக் கோயில் இடிப்பும் ஏழ்மையும் ஒருங்கே காரணமாயின என்பதை நினைத்தால், இவ்விரு நூல்களின் முக்கியத்துவம் விளங்கும்.

அரசாங்கமும் பண்பாட்டைக் கவனியாமல் இல்லை. 2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் 'லிட்டில் இந்தியா'வாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் அவ்விழாவிற் பங்கேற்றார். 2017இல் மலேசிய இந்தியருக்கான பெருந்திட்டம் ஒன்று வெளியாயிற்று. முன்னதிற் பண்பாடு தோரணமாகவும் பின்னதில் க்ஷேமம் இலக்கமாகவும் விளங்குகின்றன. வளைவுகளும் விளக்குகளும் நிறுவப்பட்ட அதே பத்தாண்டில் 'நூறு வீடுகள்' எனப் பேர்பெற்ற பழைய இரயில்வேக் குடியிருப்பு இடிக்கப்பட்டது என்பதை நோக்கினால், பழைய பிரிவினை நூலகத்திலிருந்து நிர்வாகத்திற்கு இடம்மாறியிருப்பது தெரியும்.

6. தாய்லாந்தின் அனுபவம்

அண்டை நாடாகிய தாய்லாந்தில் இவ்விரண்டையும் இணைக்கும் முயற்சி வேறு வழியில் நடந்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் சத்திப் நாட்சுபா 1984இல் தாய்லாந்துக் கிராமப் பொருளாதாரத்தின் வரலாற்றை முதியோரின் வாய்மொழியைக்கொண்டு எழுதினார். அவரும் தன்னார்வத் தொண்டர் சிலரும் வளர்த்த கருத்தாவது, கிராமத்தின் பண்பாடே அதன் அபிவிருத்திக்கு அடிப்படை என்பது. 1992இல் தோன்றிய தாய்லாந்து ஆராய்ச்சி நிதியம், 1998 முதல், கிராமத்தாரே கேள்வி எழுப்பித் தாமே தகவல் திரட்டும் வட்டார ஆராய்ச்சிக்கு உதவியளித்தது.

இம்முறையை அப்படியே பெயர்த்து வைத்தல் தகாது. பழைய கிராமத்தைக் குற்றமற்ற சொர்க்கமாகச் சித்திரித்தார்கள் என்ற கண்டனம் அங்கேயே எழுந்தது. பிரிக்பீல்ட்ஸோ ஒரு கிராமமன்று. அங்கே யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டு வமிசத்தாரும் தம்முள் வேறுபட்டே வாழ்ந்தனர். பார்வையற்றோர் சங்கத்தைச் சூழ்ந்து வாழும் பல இனத்தவரும் அவ்வட்டாரத்தின் மக்களே. பெற்றுக்கொள்ள வேண்டியது கேள்வி எழுப்பும் உரிமை எவருடையது என்ற ஒன்றே. 1942இலும் 1943இலும் சயாம் இருப்புப்பாதை போட ஜப்பானியராற் கொண்டுசெல்லப்பட்டு மடிந்த மலாயாத் தமிழரின் துயரத்தைத் தமிழர் நினைவில் நிறுத்தியவற்றுள் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் 1993ஆம் ஆண்டு நாவல் முக்கியமானது என்பது, ஆராய்ச்சி கேளாத கேள்வியைச் சமுதாயம் தானே கேட்டுக்கொண்டதற்கு உதாரணம்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, க்ஷேம ஆராய்ச்சியும் பண்பாட்டு ஆராய்ச்சியும் பிரிந்தமைக்குக் காரணம் பொருளின் தன்மையன்று; அவற்றுக்குப் பணம் கொடுத்தவர்களின் தேவையே. இரண்டாவது, அவை இணைந்த இடங்களிலெல்லாம், அதாவது ஜெயின் கண்ட தோட்டத்திலும், ராஜு கண்ட குடிசைகளிலும், பாக்ஸ்ட்ராம் கண்ட தெருக்களிலும், ஓர் இடம் அழியும் தறுவாயே ஆராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. மூன்றாவது, அழியுமுன் ஆராய்வதற்குரிய ஆவணங்கள் பல்கலைக்கழகத்தில் இல்லை: கோயிற் குழுக்களின் வரவு செலவுப் பேரேடுகளிலும், சங்கங்களின் கூட்டக் குறிப்புகளிலும், தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளிலும் அவை கிடக்கின்றன. பஞ்ச காலத்தில் அன்னதானம் எவ்வளவு நடந்தது, எந்தக் குடும்பத்தின் ஈமச்செலவைச் சங்கம் ஏற்றது, எந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர் என்பவை ஒரே ஏட்டில் க்ஷேமத்தையும் பண்பாட்டையும் கூறவல்லவை. இந்திய இயல் துறையில் தமிழ் நூலகம் அமைய ஒரு காலத்தில் காசு கொடுத்த சமுதாயம், இன்று அவ்வேடுகளைக் கொடுக்குமாயின், அவற்றைப் படித்துப் பொருள்காணும் பொறுப்பு அத்துறையின் மாணவரைச் சேர்ந்தது. அப்பணி முடியும்வரை பிரிக்பீல்ட்ஸுக்குத் திட்டம் வகுப்போர் கூறும் 'இந்தியப் பண்பாடு' என்பது சான்றில்லாத அனுமானமாகவே இருக்கும்.