விதிகள் மாறிய பிறகு கற்றவர்கள்

1929இல் லண்டனில் ஒரு சிறிய பயிற்சிப் போட்டி நடந்தது. பஞ்சாபிலிருந்து கப்பலேறி வந்திருந்த சுல்தான் கானுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்ட போட்டி. அதில் அவருக்குக் கிடைத்தது கடைசி இடம். அதையும் இன்னொருவரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முன்னால் நின்ற வில்லியம் வின்டரும் ஃபிரெடரிக் யேட்ஸும் அவரை அப்படியே விட்டுவிடவில்லை. கூட உட்கார்ந்து பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கோடையிலேயே ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் சுல்தான் கான் பட்டத்தைத் தட்டிச் சென்றார்.

செஸ்ஸில் மேலே வர வேண்டுமானால் ஐந்தாறு வயதில் தொடங்கிவிட வேண்டும் என்பது இன்றைய பெற்றோர்களின் உறுதியான நம்பிக்கை. சுல்தான் கானும் ஒன்பது வயதிலேயே பலகைக்கு முன் உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் கற்றது நம்மூர்ச் சதுரங்கம். ஐரோப்பிய விதிகளைப் பழகியபோது அவருக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் இப்படி வளர்ந்த பிறகு வேறோர் ஆட்டத்துக்கு மாறியவர்களின் வரலாறு ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது.

இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே இருந்த தூரம் சாதாரணமானதல்ல. இந்திய முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். காஸ்லிங் கிடையாது, அதற்குப் பதிலாக, செக் வாங்காத ராஜா ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிட முடியாது. அது போய்ச் சேர்ந்த கட்டம் எந்தக் காய்க்கு உரியதோ, பல ஊர்களில் அந்தக் காயாகத்தான் மாறும். விதிகளும் ஊருக்கு ஊர் மாறும் என்பது தனிச் சங்கடம். ஆட்டம் மெதுவாகத்தான் சூடு பிடிக்கும். காய்களைப் பொறுமையாக அடுக்குவதில் கைதேர்ந்தவர்கள் உருவாவார்கள். அப்படிப்பட்டவரை, மூன்றாம் நகர்விலேயே சண்டை மூளும் ஐரோப்பிய ஆட்டத்தில் உட்கார வைத்தால் தொடக்கத்தில் திணறுவார். அந்தத் திணறலைத் தாண்டி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாலோ, எதிராளிதான் திணறுவார்.

இந்த மாற்றத்துக்கு எழுத்து வழியே பாலம் போட்ட முதல் ஆட்கள் தெற்கிலிருந்து வந்தவர்கள். திருப்பதிப் பக்கத்தைச் சேர்ந்த திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி, உள்நாட்டுச் சதுரங்கப் புதிர்களை ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றபடி மாற்றி 1814இல் பம்பாயில் ஆங்கிலப் புத்தகமாக வெளியிட்டார். 1828இல் மதராஸும் ஹைதராபாதும் தபால் மூலம் மோதிய ஆட்டத்தில் மதராஸ் தரப்பில் குலாம் காசிம் இருந்தார். மறு ஆண்டு மதராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த ஜேம்ஸ் காக்ரேனுடன் சேர்ந்து, குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கும் முசியோ காம்பிட் பற்றி ஓர் ஆய்வு நூலையும் எழுதினார். அந்த காம்பிட்டின் ஒரு கிளை இன்றும் ஐரோப்பியப் புத்தகங்களில் குலாம் காசிமின் பெயரிலேயே இருக்கிறது. 

கல்கத்தாவில் நடந்தது இதைவிடச் சுவையானது. அங்கே வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன், லண்டனில் செஸ் வீரர் ஹாவர்ட் ஸ்டாண்டனுடன் மோதிப் பழகியவர். கல்கத்தாவில் அவருக்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை. 1840களின் இறுதியில், உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் தோல்வியே அறியாத ஒரு பிராமணர் இருப்பதாகக் கேள்விப்பட்டார். அவர்தான் மகேஷ்சந்திர பந்தோபாத்யாய்; ஆங்கிலேயர் வாயில் மொகேஷ்சந்தர் பானர்ஜி. அப்போதே இளைஞரல்ல. இருவரும் ஆண்டுக்கணக்கில் ஆடினார்கள், நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். பெரும்பாலும் காக்ரேனின் கையே ஓங்கியிருந்தது.

தோற்றுக்கொண்டே இருந்தவரிடமிருந்துதான் செஸ் உலகம் கற்றது. ஒரு கட்டம் மட்டுமே நகரும் சிப்பாய்க்குப் பழகிய கை, ஐரோப்பிய விதிகளிலும் மையத்தை எதிராளிக்கு விட்டுவிட்டு மந்திரியை ஓரத்திலிருந்து நீள் மூலைவிட்டத்தில் குறிவைத்தது. பிற்காலத்தில் கிங்ஸ் இண்டியன், குருன்ஃபெல்ட் என்று பெயர் பெற்ற தற்காப்புகளை அவருடைய 1850களின் ஆட்டங்களில் பார்க்கலாம். எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவர் பெயருள்ள தற்காப்பு கல்கத்தாவில் ஆடப்பட்டுவிட்டது. காக்ரேன் ஆட்டங்களைக் குறித்து வைத்ததால்தான் இது நமக்குத் தெரிகிறது. கிராமத்தில் ஆடி ஜெயித்த ஆட்டங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சுல்தான் கானுக்கும் இதே கதைதான், அளவு பெரியது. பஞ்சாப் நிலப்பிரபு சர் உமர் ஹயாத் கானின் பரிவாரத்தில் இருந்தவர். 1928இல் அகில இந்தியப் பட்டம், பிறகு 1929, 1932, 1933 என்று மூன்று பிரிட்டிஷ் பட்டங்கள். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, அதனால் செஸ் புத்தகம் எதையும் தொட்டதில்லை என்று நெடுநாள் எழுதி வந்தார்கள். குடும்பத்தார் அதை மறுத்திருக்கிறார்கள். வேலைக்காரர் மேதையானார் என்ற கதை காலனிய நாட்டுப் பத்திரிகைகளுக்கு ருசியாக இருந்திருக்கும். தொடக்க ஆட்டத்தில் அவர் பலவீனமாக இருந்ததும், அந்தப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து இறுதி ஆட்டத்தில் ஜெயித்ததும் மட்டும் ஆட்டக் குறிப்புகளிலேயே தெரிகிறது. 1933இல் உமர் ஹயாத் கான் வீட்டுப் பணிப்பெண் பாத்திமா, பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தைப் பத்து வெற்றி, ஒரு டிரா என்ற கணக்கில் வென்றார். அவர் செஸ் பழகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அந்த ஆண்டின் இறுதியில் எஜமானர் ஊர் திரும்ப, சுல்தான் கானும் திரும்பினார். 1935இல் காடில்கர் என்ற ஆட்டக்காரருடன் ஆடிய பத்து ஆட்டங்களில் ஒரே ஒரு டிராவைத்தான் விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு போட்டி மேடையில் அவர் இல்லை. பலசாலிகளோடு தொடர்ந்து மோதும் வாய்ப்பு ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவாகத்தான் அவருக்குக் கிடைத்தது. அவர் இறந்தது 1966இல். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024இல்.

சுதந்திரத்துக்குப் பிறகு சர்வதேச விதிகள் வேரூன்றியதில் மானுவல் ஆரோனின் பங்கு பெரியது. இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் அவர். அந்தப் பட்டத்துக்கான வழியில் அவர் 3-0 என்று வீழ்த்திய எதிராளி ஆஸ்திரேலியாவின் செசில் பர்டி. தபால் செஸ்ஸின் முதல் உலக சாம்பியனான பர்டி, செஸ் பத்திரிகை நடத்தியவர். மாஸ்டர் ஆட்டம் ஒன்றை எடுத்து, அடுத்த நகர்வை அட்டையால் மறைத்துவிட்டு, நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள், பிறகு திறந்து பாருங்கள் என்பது அவர் காட்டிய வழி. பக்கத்தில் காக்ரேன் இல்லாதவர்கள் புத்தகத்துக்குள்ளிருந்தே ஒரு காக்ரேனை வரவழைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் 1972இல் சோவியத் கலாசார மையத்தில் ஆரோன் தொடங்கிய டால் செஸ் கிளப் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடச் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த். ஜெயித்தவர் நாற்காலியில் நீடிப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்பார். ஆனந்தின் மின்னல் வேக ஆட்டம் அங்கே தீட்டப்பட்டது.

முன்னேறுகிறோமா இல்லையா என்பதைக் காட்டும் எண்ணும் அதே காலத்தில்தான் வந்தது. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ வகுத்த ரேட்டிங் முறையை ஃபிடே 1970இல் ஏற்றது. நெடுங்காலம் 2200க்குக் கீழே பட்டியலே இல்லை; அலுவலகம் முடித்து ஆடுகிறவர் எவ்வளவு தேறினாலும் கணக்கில் வரமாட்டார். வரம்பு படிப்படியாக 1000 வரை இறங்கியதும் அவரும் உள்ளே வந்தார், பள்ளிப் பிள்ளைகளும் வந்தார்கள். பிள்ளைகளின் ஆட்டம் அவர்களுடைய எண்ணைவிட வேகமாக வளர்ந்ததால், எதிரே உட்கார்ந்த நடுவயதுக்காரர்கள் புள்ளிகளை இழந்துகொண்டே போனார்கள். எண்கள் மொத்தமாகச் சரிவதைக் கண்ட ஃபிடே, 2024 மார்ச் 1 அன்று 2000க்குக் கீழிருந்த எல்லோருக்கும் ஒரே தடவையில் புள்ளி ஏற்றிக் கொடுத்தது. முந்தைய இரவு 1500ஆக இருந்தவர், ஒரு காயும் நகர்த்தாமல், காலையில் 1700.