முற்றம், மச்சு, கொல்லை: பழைய வீட்டைப் புதுப்பிக்கும் முன்

நம் குடியிருப்பில் பலருக்கும் சொந்த ஊரில் ஒரு பழைய வீடு இருக்கும். பொங்கலுக்குப் போவோம், ஒட்டடை அடிப்போம், "இதை ஒரு வழி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம். நானும் அப்படி இருபது வருடம் சொன்னவன்தான். சென்ற வருடம் கும்பகோணத்தில் இருக்கும் எங்கள் வீட்டை முழுவதும் புதுப்பிப்பது என்று உட்கார்ந்தபோது, முதலில் தேவைப்பட்டது இன்ஜினீயர் அல்ல, வரலாறு என்று புரிந்தது. அதைத்தான் இந்த இதழில் எழுதுகிறேன்.

வீடு கட்டியது தாத்தா, 1928-ல். அவருடைய கணக்கு நோட்டு இன்னும் இருக்கிறது. ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தி. செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய், வெல்லம், பர்மா தேக்கு, மங்களூர் ஓடு. வங்கியில் முப்பத்தைந்து வருடம் பேரேடு பார்த்த எனக்கு, இந்தப் பட்டியலே ஒரு காலத்தின் ஐந்தொகையாகத் தெரிந்தது.

பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-ல்தான் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதனால் அங்கிருந்து வந்த தேக்கு உள்நாட்டுச் சரக்குதான். 1942-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. போருக்கு முன் கட்டிய வீடுகளில் உள்ள உத்திரங்களை இன்று காசு கொடுத்தாலும் அதே தரத்தில் வாங்குவது சிரமம். முன்கட்டு ஓட்டுக்கும் ஒரு கதை உண்டு. மங்களூரில் பாசல் மிஷன் என்ற ஜெர்மன்-சுவிஸ் கிறிஸ்தவ அமைப்பு 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்த ஓடு தென்னிந்தியா முழுக்கப் பரவியது.

கூடத்துக்கு மேலே மெட்ராஸ் டெரஸ் மச்சு. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய அச்சுக்கற்களை நிறுத்திவைத்து, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தால் கட்டுவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரை. அதைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. தொண்ணூறு மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

கெட்டது பின்னால் வந்தது. எழுபதுகளில் சிமெண்ட் கட்டுப்பாட்டுப் பொருள். பத்து மூட்டைக்கும் பெர்மிட் வாங்க அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது. 1982-ல் கட்டுப்பாடு ஓரளவு தளர்ந்தது, 1989-ல் முழுவதும் போனது. கடையில் சிமெண்ட் தாராளமாகக் கிடைத்ததும் ஊரே சுவரைச் சுரண்டிச் சிமெண்ட் பூசியது. அப்பாவும் 1984-ல் பூசினார். அதுவரை கிடைக்காத பொருள் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். காவிரிப் படுகையில் நிலத்தடி ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும்; சுண்ணாம்புப் பூச்சின் வழியாக ஆவியாகிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் இன்னும் உயரே ஏறி, உப்புப் பூத்து, பூச்சு அப்பளம் போல எழும்பியது. நாங்கள் முப்பது வருடம் வீடு பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பழுதானது 1928-ன் வேலை அல்ல, 1984-ன் வேலை.

இது தெரியாமல் இருந்திருந்தால் வீட்டை இடித்திருப்போம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "இடிச்சுட்டு மூணு ஃப்ளாட் கட்டிடலாம், ஆளுக்கு ஒண்ணு." கணக்கு சரிதான். ஆனால் அந்த வீட்டில் அக்கா இருக்கிறார். எழுபத்து நான்கு வயது. அத்திம்பேர் போன பிறகு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "இடிச்சு, கட்டி முடிக்க ரெண்டு வருஷம் ஆகும்பே. அதுவரைக்கும் என்னை எங்கடா வைப்பே?"

இங்கேயும் வரலாறு குறுக்கே வந்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முடிவு செய்யும்வரை, குடும்பம் வசிக்கும் வீட்டில் பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. விதவையான மகளுக்கு அங்கே வசிக்க உரிமை உண்டு, அவ்வளவுதான். 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கியது. எங்கள் வீட்டு வரி ரசீது இன்னும் தாத்தா பெயரில் வருகிறது. அப்பா உயில் எழுதவில்லை. அதனால் மேஸ்திரியைப் பார்க்கும் முன் வழக்கறிஞரைப் பார்த்தோம். மூவருக்கும் சம பங்கு, மூவர் கையெழுத்தும் இல்லாமல் ஒரு செங்கல்லையும் எடுப்பதில்லை என்று எழுதிக்கொண்டோம். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு வெகுநேரம் பேனாவை மூடவில்லை.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும். எங்கள் கழிப்பறை கொல்லைக் கோடியில், கிணற்றைத் தாண்டி இருக்கிறது. அதன் பின்னால் ஒரு சந்து, சந்தைப் பார்த்து ஒரு சின்னக் கதவு. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அந்தக் கதவு வழியாகத்தான் ஒரு அம்மாள் வந்து சுத்தம் செய்துவிட்டுப் போவார். வாசல் வழியாக அவர் வந்ததே இல்லை. மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடுத்து 1993-ல்தான் சட்டம் வந்தது. 2013-ல் இன்னும் கடுமையான சட்டம். எங்கள் வீட்டில் அதற்கு முன்பே செப்டிக் டேங்க் வந்துவிட்டது. ஆனாலும் வீட்டின் வரைபடத்தில் அந்தக் கதவு இன்னும் இருக்கிறது. தேக்கு உத்திரத்தைக் காட்டிப் பெருமைப்படுகிற நாம், அந்தக் கதவையும் சேர்த்துத்தான் பழைய வீடு என்று சொல்ல வேண்டும். அதை இப்போது செங்கல் வைத்து அடைக்கப் போகிறோம். கழிப்பறை அக்காவின் அறையை ஒட்டி, கைப்பிடியோடு, வீட்டுக்குள்ளேயே வருகிறது.

பி.காம். படித்தவனுக்கு மூலதனச் செலவு வேறு, பராமரிப்புச் செலவு வேறு என்பது முதல் பாடம். திட்டத்தை அப்படியே பிரித்தோம். முதலில் மச்சின் ஒழுக்கு. தண்ணீர் நுழையும்வரை கீழே செய்யும் எந்த வேலையும் வீண். அடுத்து சிமெண்ட் பூச்சை உரித்துச் சுண்ணாம்புப் பூச்சு. சுவர் காய்வதற்கு ஒரு கோடைக்காலம் முழுதும் விட்டாக வேண்டும். பிறகு, மரச்சட்டத்தில் ஓடும் பழைய வயரிங்கை மாற்றுவது. தரையும் வர்ணமும் கடைசி. மொத்த மதிப்பீட்டில் ஐந்தில் ஒரு பங்கை எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கினோம். பழைய வீட்டில் உரித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

முற்றத்துக்கு மேலே கண்ணாடித் தகடு போடலாம் என்று நானே சொன்னேன். வேண்டாம் என்றார் அக்கா. சூடான காற்று மேலே போக அந்த வீட்டுக்கு இருக்கும் வழி அது ஒன்றுதான் என்று பிறகு யோசித்தபோது தெரிந்தது. அக்கா சொன்ன காரணம் வேறு: மழை பார்க்க வேண்டுமாம்.

உங்கள் ஊர் வீட்டைத் தொடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பகுதியை எந்த வருடம், எதைக் கொண்டு கட்டினார்கள்? காகிதம் யார் பெயரில் இருக்கிறது? இப்போது அங்கே தூங்குவது யார்? மூன்றாவது கேள்வியை நாங்கள் கடைசியாகத்தான் கேட்டோம். அதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தாத்தாவின் நோட்டில் கடைசிச் சில பக்கங்கள் காலியாக இருந்தன. புதுக் கணக்கை அதிலேயே எழுதி வருகிறேன். பார்க்க விரும்புகிறவர்கள் மாலை நடைக்கு வரும்போது சொல்லுங்கள், எடுத்து வருகிறேன்.