மல்லாட்டை வந்த வழி

வில்லியனூரிலும் பாகூரிலும் மெக்சிக்கோ நாட்டைக் கண்டதுண்டா என்று நான் உங்களைக் கேட்டால், மாணவர்களே, என்னை ஏற இறங்கப் பார்ப்பீர்கள். பூவுலகின் மறுபுறத்தில் கிடக்கும் நாடு அது. இங்கு விடியும்போது அங்கு முந்தின நாள் மாலை. அந்நாட்டுக்கும் சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஊருக்கும் என்ன உறவு இருக்க முடியும்? உறவு உண்டு என்பதே இன்று நான் சொல்லப் புகும் செய்தி. அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. அடுக்களையில் ஒன்றும், கொல்லையில் ஒன்றும், பழைய நாணயப் பெட்டியில் ஒன்றுமாக அது நம்மிடமே கிடக்கிறது.

முதலில் அடுக்களைக்குள் நுழைவோம். பாகூர் பழம்பெரும் ஊர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், அங்கு ஒரு வித்தியாத்தானம், அதாவது கல்லூரி, நடைபெற்றது. அதற்கு மூன்று ஊர்களை இறையிலியாக அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள் 1879-இல் கிடைத்தன. அக்கல்லூரியில் வேதமும் சாத்திரமும் ஓதிய மாணவர் உண்ட குழம்பில் மிளகாய் இல்லை. இருந்திருக்கவும் முடியாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவனுக்குரிய அமுதுபடிக் கணக்கைப் பாருங்கள்: அரிசி வரும், பருப்பு வரும், நெய்யும் தயிரும் வரும், மிளகும் சீரகமும் வரும், மிளகாய் வாராது. மிளகாய்ச் செடியை முதலில் பயிரிட்டுப் பேணியவர்கள் மெக்சிக்கோ மண்ணின் பழங்குடி மக்கள். அவர்களுடைய நாவாட்டில் மொழியில் அதற்குச் 'சில்லி' என்று பெயர். ஆங்கிலேயர் அப்பெயரை அப்படியே எடுத்துக்கொண்டனர். நம்மவரோ, வந்த விருந்தாளியின் பெயரைக் கேளாமல், மிளகைப் போல் உறைக்கும் காய் ஆதலின் 'மிளகாய்' என்றனர். வந்த பொருள் புதிது. வழங்கிய பெயர் நமது. இதனால்தான் அது வேற்று நாட்டது என்ற எண்ணமே நமக்குத் தோன்றாமற் போயிற்று.

இவ்வாறு பெயர் சூட்டுவதில் மக்கள் காட்டும் துணிவு வியப்புக்குரியது. மக்காச்சோளம் மக்காவிலிருந்து வந்ததன்று. ஏறத்தாழ ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் தென் மெக்சிக்கோவின் பள்ளத்தாக்குகளில் ஒரு காட்டுப்புல்லிலிருந்து அம்மக்கள் பேணி வளர்த்தெடுத்த பயிர் அது. தக்காளி என்ற சொல் மணத்தக்காளி போன்ற நம் நாட்டுச் செடிகளுக்கு உரிய பழஞ்சொல். 'தோமாட்டில்' என்ற மெக்சிக்கோக் கனி பின்னால் வந்து அச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. சப்போட்டா மட்டும் தன் தாய்மொழிப் பெயரை ஓரளவு காத்துக்கொண்டது. புதுவைப் பள்ளிகளில் பிரெஞ்சு பயில்வோர்க்கு ஒன்று சொல்வேன்: வான்கோழியைப் பிரெஞ்சுக்காரர் 'தேந்து' என்பர். 'இந்தியாவினது' என்பதே அதன் பொருள். அப்பறவையும் மெக்சிக்கோ நாட்டதே! கொலம்பசு கண்ட நிலத்தை இந்தியா என்று மயங்கிய மயக்கம், ஒரு கோழியின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1962 முதல் 1968 வரை நம் நாட்டில் மெக்சிக்கோவின் தூதராக இருந்த கவிஞர் ஒக்தாவியோ பாசு, பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், தம் நாட்டு 'மோலே' என்னும் குழம்பையும் நம் குழம்பையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். மிளகாயை அரைத்துக் கூட்டும் கை இரண்டிடத்தும் ஒன்றே என்று அவருக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

இனிக் கொல்லைக்கு வருவோம். நூல்களில் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் எழுதுகிறோம். வில்லியனூர்ப் பக்கத்து உழவர் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது மணிலாக்கொட்டை. பேச்சில் தேய்ந்து மல்லாக்கொட்டை, மல்லாட்டை. சிலர் இதனைக் கொச்சை என்று இகழ்வர். நான் இகழேன். நிலக்கடலை என்னும் சொல் பயிரின் இயல்பைக் கூறுகிறது. மல்லாட்டை என்னும் சொல் அது வந்த வழியைக் கூறுகிறது. மணிலா என்பது பிலிப்பைன் தீவுகளின் தலைநகர். பெயர் ஒன்றையே சான்றாகக் கொள்வது வரலாற்று முறையன்று. மக்காச்சோளத்தின் கதையை இப்பொழுதுதான் பார்த்தோம். ஆனால் மணிலாவைப் பொறுத்தவரை, பெயருக்குப் பின்னால் ஒரு பெரிய கப்பல் வழியே நிற்கிறது.

1519-இல் எர்னான் கோர்த்தேசு என்னும் இசுப்பானியத் தலைவன் மெக்சிக்கோக் கரையில் இறங்கினான். அசுத்தேக்கர் என்னும் வலிமை மிக்க இனத்தார் அப்போது அங்கு ஆட்சி செலுத்தினர். அவர்களுடைய தலைநகரான தெனோச்தித்லான் ஓர் ஏரியின் நடுவே எழுந்த நகரம். ஆழமில்லாத நீரில் சேற்றை வாரிக் குவித்து மேட்டுப் பாத்திகள் கட்டி, அவற்றில் சோளமும் அவரையும் பூஞ்செடியும் வளர்த்தனர். ஏரி வண்டலை வயலுக்கு அடித்துப் பழகிய பாகூர் உழவர்க்கு அந்த வேளாண்மையின் நுட்பம் எளிதில் விளங்கும். 1521 ஆகத்து 13-ஆம் நாள் அந்நகரம் வீழ்ந்தது. வாளினும் கொடியதாய் வந்தது பெரியம்மை. அந்நோயை முன்பின் அறியாத மக்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்தனர். ஒரு நூற்றாண்டுக்குள் அந்நாட்டுப் பழங்குடியினரில் பெரும்பகுதியினர் மறைந்தனர். எஞ்சியோரில் பலர் வெள்ளிச் சுரங்கங்களில் உழைக்க நேர்ந்தது. சகாத்தேக்கசு, குவானகுவாத்தோ என்னும் ஊர்களில் தோண்டிய வெள்ளி உலகச் சந்தைகளை எல்லாம் நிரப்பியது.

அவ்வெள்ளி கிழக்கே வந்த வழிகளுள் ஒன்றுதான் மணிலா வழி. 1565-இல் உர்தனேத்தா என்னும் துறவி பசிபிக் பெருங்கடலில் திரும்பிச் செல்லும் காற்றோட்டத்தைக் கண்டறிந்தார். அன்று முதல் 1815 வரை, இருநூற்றைம்பது ஆண்டுகள், மெக்சிக்கோவின் அக்கப்புல்கோத் துறையிலிருந்து மணிலாவுக்குப் பெரும் பாய்க்கப்பல்கள் சென்று மீண்டன. மேற்கு நோக்கி வருகையில் வெள்ளி. கிழக்கு நோக்கிச் செல்கையில் சீனப்பட்டும் நறுமணப் பொருளும் நம் சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியும். பிற ஐரோப்பியர் மணிலாவில் வணிகம் செய்ய இசுப்பானியர் தடை விதித்திருந்தனர். ஆயினும் ஆசியர் கப்பலுக்குத் தடை இல்லை. ஆகவே சென்னையிலும் புதுவையிலும் இருந்த வெள்ளை வணிகர்கள், ஆர்மீனியர் பெயரிலும் இந்நாட்டார் பெயரிலும் கப்பல் விட்டு, துணியைக் கொடுத்து வெள்ளியை வாங்கினர். சட்டத்தின் கண்ணில் மண் தூவும் கலை இக்காலத்தார் கண்டுபிடித்ததன்று! ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படிப்போர் மணிலாக் கப்பல் வரவைப் புதுவை வணிகர் எவ்வளவு ஆவலோடு எதிர்நோக்கினர் என்பதைக் காண்பர்.

மற்றொரு வழி ஐரோப்பாவைச் சுற்றி வந்தது. இசுப்பானியத் துறைமுகமான காதிசில் வாங்கிய வெள்ளிக் காசுகளைப் பிரெஞ்சுக் கம்பெனி பெட்டி பெட்டியாகப் புதுவைக்கு அனுப்பியது. அவற்றில் பெரும்பகுதி மெக்சிக்கோவிலும் பெருவிலும் அகழ்ந்த வெள்ளி. 1736-இல் ஆளுநர் துய்மா, ஆற்காட்டு நவாபு தோசுத்து அலிகானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். அதன்பின் இரு தூண்கள் பொறித்த மெக்சிக்கோக் காசு புதுவை அக்கசாலையில் உருகி, பாரசீக எழுத்துப் பொறித்த ஆற்காட்டு ரூபாயாக வெளிவந்தது. அதனைக் கொண்டு துணி கொள்முதல் நடந்தது. படைவீரர்க்குச் சம்பளம் அளிக்கப்பட்டது. 1749-இல் நடந்த ஆம்பூர்ப் போரை அடுத்து வில்லியனூர், பாகூர்ப் பகுதி ஊர்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தபொழுது, அப்போரை நடத்திய பணத்திலும் அவ்வெள்ளி கலந்திருந்தது. 1752-இல் பாகூர் வயல்வெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். பிரெஞ்சுப் படை தோற்றது. அன்று மிதிபட்ட வயலுக்கு உரிய உழவன், தன் மடியில் இருந்த ரூபாய் எந்த நாட்டுக் கூலியாளின் வியர்வை என்பதை எங்ஙனம் அறிவான்? சகாத்தேக்கசு சுரங்கத்தில் கூடை சுமந்தவனும் பாகூரை அறியான். அறியாத இருவரை ஒரு காசு பிணைத்து வைத்திருந்தது.

பண்டம் மட்டும் அவ்வழியே போகவில்லை, மனிதரும் போயினர். போர்த்துகீசிய வணிகர் இந்தியக் கரைகளில் அடிமைகளாக வாங்கியவர்களையும் பிடித்தவர்களையும் மணிலாவில் விற்றனர். அவர்களிற் பலர் அக்கப்புல்கோவில் கரையிறக்கப்பட்டனர். வங்கத்தாரும் மலையாளத்தாரும் சோழமண்டலத்தாரும் அங்கே வேறுபாடின்றிச் 'சீனர்' எனப்பட்டனர்! 1672-இல் இசுப்பானிய அரசு அவர்களை விடுவிக்க ஆணையிட்டது. அவ்வாறு சென்ற இந்தியப் பெண் ஒருத்தி, கத்தரீனா தெ சான் குவான் என்ற பெயருடன் புவெப்லா நகரில் வாழ்ந்து, அந்நகரத்தார் போற்றும் தவமகளாக 1688-இல் மறைந்தாள். அவள் பெற்றோர் இட்ட பெயர் மிர்ரா என்பர். அவளைப் போல் பெயர் நிலைத்தவர் மிகச் சிலரே. வெள்ளியின் வரவு செலவை எழுதி வைத்த அளவுக்கு இவர்களைப் பற்றி எவரும் எழுதி வைக்கவில்லை என்பது, கணக்கேடுகளை வாசிக்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது.

மல்லாட்டைக்குத் திரும்புவோம். அதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா, பொலிவியாவைச் சார்ந்த பகுதி. மெக்சிக்கோவினரும் அதனை அறிந்திருந்தனர். கொக்கோ விதைக்குக் 'ககவாட்டில்' என்று பெயர் வைத்திருந்த அவர்கள், மண்ணுக்குள் விளையும் இதனை 'மண்கொக்கோ' என்ற பொருள்படத் தங்கள் மொழியில் அழைத்தனர். இசுப்பானியர் வாயில் அச்சொல் சுருங்கி, பிரெஞ்சு மொழியில் 'ககவேத்' ஆயிற்று. இப்போது இந்த வேடிக்கையைக் கவனியுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டுச் செம்மண் நிலங்களிலும் புதுவைப் பகுதியிலும் மணிலாப் பயிர் பெருகியது. பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரின் எண்ணெய் ஆலைகளும் சவர்க்கார ஆலைகளும் அதற்குக் காத்திருந்தன. 1879-இல் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுவைக்கு இருப்புப்பாதை வந்ததும், மூட்டைகள் மாட்டு வண்டியிலும் புகைவண்டியிலும் வந்து கடற்பாலத்தில் குவிந்தன. 1890-களில் பழைய விதை நலிந்து விளைச்சல் வீழ்ந்தது. அயல்நாட்டு விதைகளைத் தருவித்த பின்னரே பயிர் நிமிர்ந்தது. வயலில் அதை அகழ்ந்தவன் மணிலா என்றான். மார்செயில் அதை இறக்கியவன் ககவேத் என்றான். முன்னவன் சொல்லில் கப்பல் நின்ற துறை இருந்தது. பின்னவன் சொல்லில், வீழ்ந்த அசுத்தேக்கரின் மொழி இருந்தது. இருவரும் அதை நினைத்தாரில்லை.

பூக்களைப் பற்றியும் ஒரு சொல். நம் பூக்கடைகளில் மாலை கட்டும் நிலச்சம்பங்கி மெக்சிக்கோவின் மலர். அதன் வெண்மை கண்டு அசுத்தேக்கர் 'எலும்புப்பூ' என்றனர். மணமாலைக்கு உகந்த பெயரன்று எனினும் பார்வை கூர்மையானது. துலுக்கச் செவந்தி என்று நாம் கூறும் செண்டுப்பூவும் அந்நாட்டதே. மெக்சிக்கோவினர் நவம்பர் முதல் இரு நாட்களில் இறந்தோரை நினைந்து விழா எடுப்பர். வீட்டு வாயிலிலிருந்து படையல் மேடை வரை அப்பூவின் இதழ்களைத் தூவி வழி அமைப்பர். அதன் நிறமும் மணமும் கண்டு மறைந்தோர் தம் வீட்டை அடையாளம் கொள்வர் என்பது அவர்கள் நம்பிக்கை. அதே நவம்பர் இரண்டாம் நாள் வில்லியனூர்ப் பகுதிக் கிறித்தவர் கல்லறைத் திருநாள் கொண்டாடுகின்றனர். முதல் நாளே கல்லறைகளைக் கழுவிச் சுண்ணாம்பு பூசி, அந்தி சாயுமுன் மெழுகுதிரி ஏற்றி வைக்கின்றனர். சிலுவையடியில் அவர்கள் பரப்பும் பூக்களில் செவந்தியோடு செண்டுப்பூவும் கலந்திருக்கும்.