பைக்காரா: அருவியில் காணாமல் போன தண்ணீர்

இறுதியாண்டில் எட்டுப் பேர் ஊட்டிக்கு பஸ் ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? கூடலூர் சாலையில் சுமார் 20 கி.மீ. போய், பைக்காராவில் இறங்கி, பாறை பாறையாகத் தாவி அருவிக்கு நடந்தோம். பார்த்தால் பாறைதான் இருக்கிறது, தண்ணீர் நூல் மாதிரி! "இதுக்காடா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்று ஒருவன் நொந்துகொண்டான்.

விடை எனக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் கிடைத்தது. முக்குருத்தி மலைப் பக்கம் பிறக்கும் இந்த ஆறு தோடர்களுக்குப் புனிதமானது. 1929-ல் மதராஸ் மாகாண அரசு இங்கே நீர்மின் திட்டப் பணியைத் தொடங்கியது. ஆற்றைத் திருப்பி, கிளென்மார்கனிலிருந்து சுமார் 3,000 அடி கீழே சிங்காராவுக்குக் குழாயில் இறக்கினார்கள். அந்த வேகத்தில் பெல்ட்டன் சக்கரங்கள் சுழன்றன. அன்று அடிவாரம் மலேரியாக் காடு. அங்கே கூலிக்கு உழைத்தவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

1932-ல் மின்சாரம் வந்தது. கோவையில் மில்கள் பெருகின. அப்படி ஒரு மில்லில்தான் என் தாத்தா வேலை பார்த்தார். அந்தச் சம்பளத்தில் அப்பா படித்தார், அப்பாவால் நான் நம் கல்லூரிக்கு வந்தேன். அருவியில் குறைந்த தண்ணீர் எங்கள் வீட்டு உலையில் கொதித்திருக்கிறது, சார்!

தம்பி தங்கைகளே, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை போய் வாருங்கள். வழுக்குப் பாறையில் மட்டும் இறங்காதீர்கள். நாளை நீங்களும் ஆறுகளைத் திருப்பும் வரைபடம் போடுவீர்கள். அப்போது அந்த ஆற்றங்கரைக்காரர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.